விலங்கா, மனிதனா? – வன்னியை முன்வைத்து ஒரு மறுப்புரை

2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21ஆம் நாள், கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊர்மனைக்குள் வந்த சிறுத்தையொன்று வனசீவராசிகள் திணைக்கள அலுவலர் ஒருவர் உட்படப் பலரைக் காயப்படுத்தியது. அன்றே அது அடித்துக் கொல்லப்பட்டது. கொன்றவர்கள் அதன் உடலுடன் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் நாடெங்கும் பரவின. நீதிமன்றக் கட்டளையின்படி சிலர் கைதுசெய்யப்பட்டனர். மயக்க ஊசி செலுத்தும் வசதியோடு உரிய வேளையில் எவரும் வந்துசேரவில்லை என்பது ஊராரின் முறைப்பாடாயிருந்தது.

அந்நிகழ்ச்சியை ஒட்டி இரு குரல்கள் எழுந்தன. ஒன்று, வன்னி மக்கள் உயிரிரக்கம் அற்றவர்கள், சட்டத்தின் முழு வலுவையும் கொண்டு அடக்கப்படவேண்டியவர்கள் என்றது. மற்றையது, மனித உயிருக்கு முன் மிருகம் எம்மாத்திரம், காட்டு விலங்கைக் காக்க வந்தோர் உண்மையில் எங்கள் காணியைப் பிடிக்க வந்தோரே என்றது. இவை ஒன்றையொன்று எதிர்ப்பனபோலத் தோன்றினும் இரண்டும் ஒரே வினாவின்மீதே நிற்கின்றன: விலங்கா, மனிதனா? இவ்வினா பொய்யானது என்பதும், இதனை உரத்து எழுப்புவோர் எவரும் இதற்குரிய விலையைக் கொடுப்பவரல்லர் என்பதும், அவ்விலையைக் கொடுப்பவை வறிய கமக்காரனின் குடும்பமும் வாயில்லா விலங்குமே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கொன்றவர் யார்?

வன்னியின் விலங்குகளை வன்னிக் கமக்காரனே அழித்துவந்தான் என்னும் எண்ணம் வரலாற்றை அறியாமையின் விளைவு. வன்னிமைகள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகச் செலுத்தின. வன்னிக் காட்டிற் பிடிபட்ட யானைகள் ஆனையிறவினூடாகக் குடாநாட்டுக்கு நடத்திச் செல்லப்பட்டு, அங்கிருந்து கடல்கடந்து இந்திய அரசுகளுக்கு விற்கப்பட்டன. அவ்வாணிகம் கொடியதே. ஆயினும் அதில் உயிருள்ள யானைக்கே விலை இருந்தது. காடு அழிந்தால் திறையும் அழியும் என்பதை ஆண்டோர் அறிந்திருந்தனர்.

பிரித்தானியர் ஆட்சியில் இறந்த யானைக்கு விலை குறிக்கப்பட்டது. கொல்லப்பட்ட ஒவ்வொரு யானைக்கும் அரசு சன்மானம் வழங்கியது. குடியேற்ற அரசின் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் ஒரு கணக்கைத் தருகிறார். 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டிலும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டது என்பதே அது. 2011ஆம் ஆண்டு வனசீவராசிகள் திணைக்களம் எடுத்த கணக்கின்படி இலங்கை முழுவதிலும் இருந்த யானைகள் 5,879. இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, யானையை அருகச் செய்தது கமக்காரனின் பரண் அன்று, குடியேற்ற அரசின் துவக்கும் பணப்பெட்டியுமே என்பது விளங்கும்.

வன்னி மக்கள் விலங்குகளுடன் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. ஆனைவிழுந்தான், கரடிப்போக்கு, பன்றிக்கெய்தகுளம், கொக்குத்தொடுவாய் என்பன ஏட்டில் வைத்து இடப்பட்ட பெயர்களல்ல. கரடி செல்லும் வழியைக் கரடிப்போக்கு என்று குறித்தவன், அவ்வழி கரடிக்கும் உரியது என்பதை அறிந்திருந்தான். பன்றியை எய்தவன் எய்ததையும் மறைக்கவில்லை. இதனைப் பொற்காலமாகப் புனைந்துரைத்தல் தவறாகும். காய்ச்சலும் பட்டினியும் நிறைந்த கடின வாழ்க்கை அது. ஆயினும் எந்தக் குளத்துக்கு எந்த மாதத்தில் எந்த விலங்கு நீருக்கு வரும் என்னும் அறிவு அவ்வாழ்க்கையில் இருந்தது. இன்று எந்தத் திணைக்களத்தின் கோவையிலும் அவ்வறிவு இல்லை.

காடான ஊர்

இருபதாம் நூற்றாண்டில் வன்னியின் நிலவுருவம் இருமுறை தலைகீழாயிற்று. முதலாவது, குடியேற்றத் திட்டங்களினால். நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டப்பட்ட இரணைமடு, பின்னர் புனரமைக்கப்பட்ட முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலியவற்றின் கீழ்க் காடு வயலாயிற்று. 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் துரத்தப்பட்ட மக்களும், அவர்களுள் பெருந்தொகையான மலையகத் தொழிலாளரும், வேறு போக்கிடமின்றி இங்கே காடு வெட்டிக் குடியமர்ந்தனர். அவர்கள் ஆசையினாற் காடு அழித்தவரல்லர். உயிர்தப்ப வந்தவர்கள்.

இரண்டாவது, போரினால். 1980களின் நடுப்பகுதி முதல் 2009 வரை ஊர் ஊராக மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற வயல்களிற் பற்றை வளர்ந்தது. பற்றை காடாயிற்று. குளங்கள் உடைந்து புற்றரைகளாயின. இளம் பற்றையும் குளத்துப் புல்லும் யானைக்கு மிக உவப்பான உணவு. அடர்ந்த முதுகாட்டிலும் பார்க்க இத்தகைய நிலத்தையே அது பெரிதும் நாடும். எனவே யானைகள் அங்கு வந்தன. அங்கேயே கன்றுகளை ஈன்றன. 2009இன் பின் மக்கள் மீண்டபோது, தம் பாட்டன் வெட்டிய காணி என்று மனிதன் சொன்னான். தான் பிறந்த காடு என்று யானைக்குத் தெரிந்திருந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை.

இவ்விடத்தேதான் அரசின் கடமை தொடங்கியிருக்க வேண்டும். போரினாற் காடான ஊர் எது, என்றுமே காடாக இருந்த காடு எது என்று பிரித்தறிதல் அரிய செயலன்று. உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் உள. 1950களில் எடுக்கப்பட்ட வான்வழிப் படங்கள் உள. அவை இல்லாவிடினும் தூர்ந்த கிணறும், முதிர்ந்த புளியும், சிதைந்த கோயிலும், குளக்கட்டும் சாட்சி கூறும். ஆயின் நிகழ்ந்தது வேறு. பச்சை நிறமாய்த் தெரிந்த இடமெல்லாம் காடு என்று வரைபடத்தின்மேற் கோடு கீறப்பட்டது. மீளக்குடியமர வந்தவர்கள் தம் காணிகளில் எல்லைக்கற்களைக் கண்டனர்.

சுண்டிக்குளத்தை நோக்குவோம். 1938இல் சரணாலயமாக்கப்பட்ட அப்பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பெயரில் மட்டும் நிகழ்ந்த மாற்றமன்று இது. சரணாலயத்தில் தனியார் காணி இருக்கலாம். தேசியப் பூங்காவில் மனித வாழ்வுக்கு இடமில்லை. பூநாரைகளும் வலசை வரும் வாத்தினங்களும் தங்கும் அக்களப்புக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அக்களப்பில் இறால் பிடித்து வாழ்பவனை அழைத்து ஒரு வார்த்தை கேளாமல் அவனது வாழ்வை வர்த்தமானியில் முடித்துவைத்தல் பாதுகாப்பாகுமா?

2017இல் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கங்களாக அறிவிக்கப்பட்டன. முல்லைத்தீவில் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. 2009 மே மாதத்தில் நந்திக்கடற் கரையில் உற்றாரை இழந்த மக்களுக்கு அந்நீர்ப்பரப்பு வெறும் பறவைத்தலம் அன்று. அம்மக்களின் துயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத அரசு, பறவையின் பேரால் அவர்களிடம் பேசத் தொடங்கியது. பறவை செய்த பாவம் என்ன? அதன் பெயரையே பகைப்பெயராக்கிவிட்டது அவ்வறிவித்தல்.

சட்டம் அனைவர்க்கும் ஒன்றாயின் இவ்வளவு கசப்பு இராது. 1980களில் மணலாற்றில் மகாவலித் திட்டத்தின் பெயரால் குடியேற்றத்துக்குக் காடு திறக்கப்பட்டபோது யானைக்காக இரங்கிய குரல் உரத்து ஒலிக்கவில்லை. கமக்காரனின் கோடரியைக் கண்டதும் மட்டும் விழித்துக்கொள்ளும் காட்டன்பை மக்கள் நம்பமறுப்பது இயல்பே.

வேலி எங்கே நிற்கிறது?

2019இல் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும், யானைகளால் 120க்கு மேற்பட்ட மனிதரும் இறந்தனர். 2023இல் இறந்த யானைகளின் தொகை 450ஐயும் தாண்டியது. சூடு, சட்டவிரோத மின்கம்பி, ‘ஹக்கபட்டாஸ்’ எனப்படும் வாய்வெடி, புகையிரதம் என்பன முதன்மையான காரணங்கள். வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில் 2016 ஓகஸ்டில் ஒரே புகையிரதம் மோதித் தாய் யானையொன்றும் மூன்று குட்டிகளும் மடிந்தன.

இத்தனைக்கும் நாடு யானைவேலிக்குச் செலவிட்டது சிறிதன்று. மின்வேலிகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்கு இடப்பட்டுள்ளன. பின் ஏன் இறப்புக் குறையவில்லை? பிருதிவிராஜ் பெர்னாண்டோ முதலிய ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை வாழ்கிறது. அந்நிலத்தின் 69.4 வீதத்தில் மனிதரும் வாழ்கின்றனர். எனவே யானை காட்டுக்குள், மனிதன் வெளியே என்னும் பிரிவினை நிலத்தில் இல்லை. அது அலுவலகச் சுவரிலுள்ள வரைபடத்தில் மட்டுமே உள்ளது. வேலிகளிற் பல அவ்வரைபடக் கோட்டின்மேல், ஒரு திணைக்களத்தின் காட்டுக்கும் மற்றத் திணைக்களத்தின் காட்டுக்கும் இடையே நிற்கின்றன. வேலிக்கு இப்பாலும் யானை, அப்பாலும் யானை. அவ்வேலியைக் காவல்செய்ய எவருக்கும் அக்கறையில்லை. யானையோ மரத்தைச் சாய்த்து அதனை முறிக்கக் கற்றுக்கொண்டது.

யானைகளை வெடிகொளுத்தித் துரத்திப் பூங்காவுக்குள் அடைத்தலும் பயன்தரவில்லை. துரத்தப்படுபவை பெரும்பாலும் பெண்யானைகளும் கன்றுகளும். உள்ளே உணவு போதாமல் அவை மெலிந்து மடிகின்றன. வயலை அழிக்கும் தனியன்கள் வெளியிலேயே தங்கி, முன்னிலும் மூர்க்கம் கொள்கின்றன. இவ்வாறு யானையும் காக்கப்படவில்லை, கமக்காரனும் காக்கப்படவில்லை.

இதற்கு மாற்று இல்லை என்பாரும் உளர். உண்டு. காட்டைச் சுற்றி வேலியிடுவதை விடுத்து வயலையும் ஊரையும் சுற்றி வேலியிடுக. ஊர்வேலி நிலையானது. வயல்வேலி விதைப்புக்கு முன் இடப்பட்டு அறுவடையின் பின் கழற்றப்படுவது. காலபோகம் முடிந்தபின் தாள்நிலத்தில் யானை மேய்ந்து செல்லும். கமக்காரனுக்கு அதனால் நட்டமில்லை. வேலி தன் நெல்லைக் காக்கின்றமையால் அதன் கம்பியில் விழும் கொப்பைக் கமக்காரனே வெட்டி அகற்றுவான். கல்கமுவைப் பகுதியில் கமக்காரரின் பங்களிப்போடு இது பல ஆண்டுகளாக நடைமுறையிற் பயன் தந்துள்ளது. 2020 டிசம்பரிற் கையளிக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டமும் இதனையே வற்புறுத்தியது. வன்னியின் கமக்காரர் அமைப்புகள் இதனை ஏற்று நடத்தக்கூடியவை. அவற்றிடம் பொறுப்பையும் பணத்தையும் கொடுக்க மனமில்லாமையே குறை.

வத்தலும் மணலும்

இனி மற்றைக் குரலுக்கு வருவோம். மனிதனுக்குப் பின்னரே மிருகம் என்போர் தம்மை மக்கள் பக்கத்தவராகக் காட்டிக்கொள்கின்றனர். அவர் கூற்றைச் சோதித்தல் தகும்.

வன்னிக் காட்டில் இன்று கட்டுத்துவக்கும் சுருக்குக் கம்பியும் வைப்போர் எல்லோரும் பசித்தவரல்லர். மரையும் மானும் உக்குளானும் உடும்பும் அழுங்கும் நகரத்துச் சட்டிகளுக்கே பெரிதும் போகின்றன. வன்னிக்குச் சென்றுவந்தவரிடம் மரைவத்தல் கேட்கும் படித்த மனிதர் எத்தனைபேர்! கற்றவர் வீட்டு விருந்தில் இலையில் விழுவது ஒரு துண்டு இறைச்சி. காட்டில் அதற்காக வைத்த சுருக்கு, வந்த விலங்கு எதுவெனப் பாராது. பன்றிக்கு வைத்த கம்பியிற் சிறுத்தை அகப்படும். 2020 மே மாதத்தில் மலையகத்து நல்லதண்ணியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று அவ்வாறே சுருக்கில் அகப்பட்டு, மீட்கப்பட்டும் பிழைக்கவில்லை. கட்டுத்துவக்கோ விறகுக்கும் தேனுக்கும் செல்லும் ஏழையின் காலையும் தகர்க்கும். மக்கள் பக்கம் நிற்பதாகச் சொல்வோர் இதனைக் கண்டிக்கத் தயங்குவது ஏன்?

மணல் அடுத்தது. இரணைமடுவுக்கு நீர்தரும் கனகராயன் ஆறும், பிற ஆறுகளும், இரவோடிரவாகத் தோண்டப்படுகின்றன. மணலை அள்ளுபவன் கூலியாள். விற்பவன் வேறு. ஆற்றின் கரை சரிந்து மருதும் நாவலும் வீழ்கின்றன. கரையோரக் காடு அழிந்தபின் மழைநீர் மண்ணோடு குளத்தில் இறங்குகிறது. குளம் தூர்ந்தால் சிறுபோகம் யாருக்கு? பாலை மரம் மரக்காலைக்குப் போகிறது. பாலைப்பழம் பழுக்கும் பருவத்தில் அதனை நம்பியிருக்கும் கரடிக்கு உணவில்லை. உணவு தேடி ஊரோரம் வந்த கரடியால் முகம் கிழிபடுபவன் மரக்காலை முதலாளியல்லன்.

சிறுத்தையின் நிலையும் அவ்வாறே. உலகில் இலங்கைக்கு மாத்திரம் உரிய துணையினம் அது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008இல் அதனை அழிவபாயத்துக்குள்ளானதாகவும், 2020 மதிப்பீட்டில் எளிதில் ஊறுறத்தக்கதாகவும் வகுத்தது. மானையும் பன்றியையும் மட்டாக வைத்திருக்கும் விலங்கு இலங்கைக் காட்டில் முதன்மையாக அதுவே. பயிரை உழும் பன்றிக்குப் பகையான சிறுத்தையைக் கொன்று களிப்பவன் தன் வயலின் காவலனைக் கொன்று களிக்கிறான். கமக்காரனின் நலனும் காட்டின் நலனும் வேறல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நிலவுரிமைப் போராட்டம் நேர்மையானது. அதனை இக்கட்டுரை முழுமனதோடு ஏற்கிறது. ஆனால் எல்லைக்கல்லைப் பிடுங்குவோம் என்று மேடையில் முழங்கிவிட்டு, மணற்கொள்ளையைப் பற்றியும் மரக்கடத்தலைப் பற்றியும் வாய்திறவாத தலைமை மக்களுக்கு மீட்டுக் கொடுப்பது எதை? நீரற்ற குளத்தையும் நிழலற்ற ஊரையுமா?

கருப்பொருள் படித்தோர்

இறுதியாக, இவ்விதழைப் படிக்கும் வட்டத்துக்கு ஒரு சொல். தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களைக் கூறுமிடத்துத் தெய்வத்தோடும் உணவோடும் மாவையும் மரத்தையும் புள்ளையும் சேர்த்தே எண்ணிற்று. அப்பகுதியை மனனஞ்செய்து தேர்வெழுதிச் சித்தியடைந்தோர் நம்மிடையே ஆயிரவர். அவர்களுள் வீரையையும் பாலையையும் இலைபார்த்து இனங்காணத்தக்கவர் எத்தனைபேர்? முல்லைத்திணை பற்றி விரிவுரை ஆற்றுவோர், முல்லைத்தீவில் மேய்ச்சற்றரை இல்லாது மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிச் செல்பவனைப் பற்றி எழுதியதுண்டா?

படைப்பிலக்கியம் இத்துறையில் ஆராய்ச்சியை முந்திவிட்டது. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இலேயே தண்ணிமுறிப்பின் காட்டையும் மக்களையும் ஒரே உலகமாகக் கண்டது. செங்கை ஆழியானின் ‘யானை’ தனியன் ஒன்றுக்கும் மனிதனுக்கும் இடையிலான போரை நாவலாக்கியது. நாவலாசிரியர் கண்டதை நம் ஆய்வறிவு ஏன் காணவில்லை? தென்னிலங்கையில் யானையையும் சிறுத்தையையும் பற்றி ஆண்டுதோறும் ஆய்வுகள் வெளிவருகின்றன. அவற்றின் முடிவுகள் கமக்காரனுக்கு விளங்கும் தமிழில் வருவது மிக அரிது. கொள்கை வகுக்கும் மேசையில் வன்னியைப் பற்றிப் பேச வன்னியை அறிந்த தமிழ் ஆய்வாளர் போதியளவு இல்லையாயின், அம்மேசையில் வரைபடம் மட்டுமே பேசும். அதன்பின் வர்த்தமானியைக் குறைகூறிப் பயனில்லை.

இடமில்லை, வசதியில்லை என்னும் சாட்டு இன்று செல்லாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. காட்டின் வாசலிலேயே நம் விரிவுரை மண்டபங்கள் நிற்கின்றன.

அம்மண்டபங்களிலிருந்து தொடங்கத்தக்க பணிகள் சில. மீளக்குடியமர்ந்த ஒவ்வோர் ஊரிலும் முதியோரைக் கேட்டும், பழைய படங்களையும் உறுதிகளையும் ஒப்பிட்டும், போரினாற் காடான நிலத்தையும் முதுகாட்டையும் பிரித்துக்காட்டும் வரைபடம் ஆக்குதல் முதலாவது. அவ்வரைபடம் மக்களின் காணியை மீட்கவும் உதவும். முதுகாட்டை அரசியற் செல்வாக்குடையோரிடமிருந்து காக்கவும் உதவும். யானை செல்லும் தடங்களையும் பருவங்களையும் ஊராரின் அறிவைக்கொண்டு பதிவுசெய்து, கமக்காரர் அமைப்புகளுடன் வயல்வேலியைச் சோதித்துப் பார்த்தல் இரண்டாவது. வடக்கில் எந்த ஊரிலும் விலங்கு புகுந்தால் விரைந்து செல்லக்கூடிய, தமிழில் மக்களோடு பேசக்கூடிய கால்நடை மருத்துவக் குழு வேண்டும் என்று இடையறாது கோருதல் மூன்றாவது. பயிரும் உயிரும் இழந்தவனுக்கு இழப்பீடு அலைச்சலின்றிக் கிடைக்க வழிசெய்தல் நான்காவது. காட்டிறைச்சியைத் தம் வீட்டு வாசலிலேயே மறுத்தல் ஐந்தாவது. இதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் தேவையில்லை.

காட்டைக் காக்க மக்களை விலக்கவேண்டும் என்போரும், மக்களைக் காக்கக் காட்டை விலக்கவேண்டும் என்போரும் வன்னியை அறியாதவர்கள். குளமின்றி ஊரில்லை, காடின்றிக் குளமில்லை என்பதை அங்கு எழுத்தறியாத கிழவியும் அறிவாள். அவ்வறிவைக் கற்றுக்கொண்டு, அதனை ஆய்வின் மொழியிலும் சட்டத்தின் மொழியிலும் எடுத்துரைப்பது பல்கலைக்கழகத்தின் கடன். அக்கடன் நெடுங்காலமாகத் தீராதிருக்கிறது.